நாலரை மணி நேரம் காணவில்லை

மூன்றாவது தடவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார் கனகதாஸ். நாலரை மணி நேரத்தைக் காணவில்லை.

நில வரி ரசீதைத் தேடித்தான் அலமாரியைத் திறந்தார். ரசீது அகப்படவில்லை. அகப்பட்டது வேதப்புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு சிறு தாள். அவர் மனைவி சுகுமாரிக்கு ஜித்தாவில் நர்ஸ் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு, நாற்பது நாள் லீவில் பாறசாலைக்கு வருவாள். போன தடவை வந்துபோனபோது, விமான நேரங்களை டிராவல்ஸில் டைப் அடித்துக் கொடுத்த தாள் அது.

ஜித்தாவில் காலை ஒன்பதுக்குக் கிளம்பி, திருவனந்தபுரத்தில் மாலை ஐந்துக்கு இறங்கியிருக்கிறாள். எட்டு மணி நேரம். லீவு முடிந்து திருவனந்தபுரத்தில் காலை ஏழுக்குக் கிளம்பி, ஜித்தாவில் பத்தரைக்கு இறங்கியிருக்கிறாள். மூன்றரை மணி நேரம்.

போன வழியாகத்தானே வந்திருப்பாள். ஆகாயத்தில் ரோடு வெட்டிப் போடுவதில்லை. ரயில்வே கேட் கிடையாது. பிறகு எப்படி வரும்போது மட்டும் நாலரை மணி நேரம் கூடுதல்?

புருஷனை விட்டுப் போகும்போது பறக்கிறாள், புருஷனிடம் வரும்போது ஊர்கிறாள்.

பக்கத்து அறையில் மகள் ஷிஜா இருந்தாள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் இரண்டாம் வருஷம். கணக்கு என்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால், உனக்க அம்மை வழியில் நாலரை மணிக்கூறு எங்கே போனாள் என்று எந்த அப்பன் மகளிடம் கேட்பான்? தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நில வரி அப்படியே நின்றுபோனது.

பாறசாலையில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. சுகுமாரிக்க மாப்பிள்ளை. சபைக்குப் புதிதாக வந்த போதகர்கூட, கை கொடுக்கும்போது, "ஓ, சுகுமாரி சிஸ்டருக்க வீட்டுக்காரரா" என்றுதான் கேட்டார். இத்தனை வருஷமும் அது அவருக்கு உறைத்ததில்லை. தாள் அகப்பட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை உறைத்தது.

*

வெள்ளறடைக்குப் போகிற வழியில் கனகதாஸுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. சனிக்கிழமை தோறும் ரப்பர் ஷீட்டைக் கட்டி பஸ்ஸில் போட்டுப் பனச்சமூடு சந்தைக்குக் கொண்டுபோவார். சந்தைக்கு எதிரே பொன்னையன் பெட்டிக்கடை வைத்திருந்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நேரத்தைப் பற்றிக் கேட்பதென்றால் அவரைவிட்டால் ஆள் இல்லை என்று கனகதாஸுக்குத் தோன்றியது.

சிநேகிதன் ஒருத்தனுக்காகக் கேட்பதாகச் சொல்லித்தான் தொடங்கினார். பொன்னையன் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சுகுமாரிக்க டிக்கெட்டுல்லா இது."

"ஆமா."

"சரி, சிநேகிதனுக்காகவே இருக்கட்டும். ஓய் கனகதாசே, பஸ்ஸானாலும் பிளேனானாலும் ரன்னிங் டைம் ரன்னிங் டைம்தான். நெய்யாற்றின்கரைக்குப் போவதுக்கு முப்பது நிமிஷம்னா வாறதுக்கும் முப்பது நிமிஷம். கூடுதல் ஆச்சுதுன்னா என்ன அர்த்தம்? டிரைவர் எங்கயோ வண்டிய ஒதுக்கி நிறுத்தி சாயா குடிச்சிருக்கான். நான் எத்தன டிரைவர பிடிச்சு குடுத்திருக்கேன்."

"ஆகாசத்துல எங்க ஓய் நிறுத்துவான்?"

"பம்பாய் உண்டே."

பொன்னையன் விளக்கினார். பெரிய வண்டிகள் வழியில் பெரிய ஊரில் நிற்கும். பயணிகளை இறக்கிவிடுவார்கள். நாலரை மணி நேரம் என்றால் சும்மா பெஞ்சில் உட்கார வைக்க முடியாது, லாட்ஜில் ரூம் போட்டுத்தான் கொடுப்பார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் தனி ரூம் கொடுப்பார்களா என்பது தனக்குத் தெரியாது.

தெரியாது என்று அவர் சொன்னதுதான் கனகதாஸை அதிகம் வருத்தியது. அன்று அவர் வீடு வந்து சேர மணி மூன்று ஆகிவிட்டது.

*

அடுத்த வாரம் நெய்யாற்றின்கரையில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போனார். பிரதீஷ் என்று ஒரு பையன் மேசைக்குப் பின்னால் இருந்தான். சுவரில் உலகப் படம் இருந்தது. ஜித்தாவுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையில் ஒரு சிவப்பு நூலைக் குண்டூசி குத்தி இழுத்துக் கட்டியிருந்தார்கள். நூல் எங்கும் வளையவில்லை. பம்பாய் அதற்கு ரொம்ப தூரத்தில், தனியாகக் கிடந்தது.

இந்த விமானம் பம்பாயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கனகதாஸ் கேட்டார்.

"இது டைரக்டாக்கும் சேட்டா. எங்கயும் நிக்காது."

"கொஞ்சம்கூடவா?"

"நிக்கணும்னா கடல்லதான் நிக்கணும்."

பையன் சிரித்தான். கனகதாஸ் சிரிக்கவில்லை. தூரம் எவ்வளவு என்று கேட்டார். பையன் ஒரு புத்தகத்தைப் புரட்டி, சுமார் நாலாயிரத்து முன்னூறு கிலோமீட்டர் என்றான்.

"போவும்போதா, வரும்போதா?"

பிரதீஷ் அவரை மெல்ல நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஒரு தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

பம்பாயாவது ஒரு சமாதானம் தந்தது. பம்பாய் என்றால் இறக்கிவிட்டார்கள், இருந்தாள், ஏறினாள் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அதுவும் போயிற்று. எங்கும் நிற்காத விமானத்தில், போகிற தூரமே வருகிற தூரமாக இருக்க, நாலரை மணி நேரம் அதிகம். விமானம் ஐந்து மணிக்கு வருவதாகச் சுகுமாரி எழுதுகிறாளே தவிர, அது மூன்றரை மணி நேரத்தில் பறந்து பன்னிரண்டரைக்கே வந்து இறங்கிவிடுகிறது. இதைத் தவிர வேறு வழி கனகதாஸுக்குத் தெரியவில்லை. இறங்கியவள் ஐந்து மணி வரை திருவனந்தபுரத்தில் என்ன செய்தாள்?

சனிக்கிழமை பனச்சமூட்டில் இதைப் பொன்னையனிடம் சொன்னார். அவரும் நல்ல மனிதர். சிநேகிதனின் குடும்பம் குலையக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தார். திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டார்.

"மணி வித்தியாசத்த விட்டுட்டமே ஓய்."

சவூதியில் மணி நம்மைவிட இரண்டரை குறைவு என்பது கனகதாஸுக்குத் தெரியாததல்ல. ஆனால் அது போன் பேசுவதற்கான கணக்கு என்றுதான் இருந்தார். பறப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று தோன்றியதில்லை. முதல்முறையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

பொன்னையன் பழைய லாட்டரிச் சீட்டின் பின்புறம் கணக்கை எழுதினார். குறைவான ஊருக்குப் போகும்போது குறைக்க வேண்டும். மூன்றரையில் இரண்டரை போனால் ஒன்று. கூடுதலான ஊருக்கு வரும்போது கூட்ட வேண்டும். எட்டும் இரண்டரையும் பத்தரை.

எழுதி முடித்த பிறகு இரண்டு பேரும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலரையாக இருந்தது இப்போது ஒன்பதரை ஆகியிருந்தது.

"கணக்கு சரியாக்கும்" என்றார் பொன்னையன், வருத்தத்தோடு.

நாலாயிரத்து முன்னூறு கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடக்கிற விமானம். அந்த வேகத்தில் பாறசாலையில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நொடியில் நெய்யாற்றின்கரையில் இறங்கலாம். இப்படி ஒரு வேகம் உண்டா என்று கனகதாஸ் ஒருமுறை சந்தேகப்பட்டார். ஆனால் சந்தேகப்படுவதற்கு அவரிடம் வேறு விஷயம் இருந்தது.

*

பாறசாலை ஜங்ஷனில் இருந்த பூத்தில் புகுந்து, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜித்தாவுக்குப் போன் போட்டார். சுகுமாரி பயந்துபோய் ஷிஜாவுக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றார். அவர் சும்மா போன் செய்ததே இல்லை. அதனால் அவள் இன்னும் பயந்தாள்.

சுற்றி வளைத்து ரப்பர், மழை, போதகரின் பிரசங்கம் எல்லாம் பேசிவிட்டு, போன தடவை வரும்போது தனியாகவா வந்தாள் என்று கேட்டார்.

"தனியா இல்லியே. மோகனன் சார் உண்டுல்லா, எக்ஸ்ரே எடுக்கியவரு. அவருகூடத்தான் வந்தேன்."

"சொல்லவே இல்லியே பிள்ளே."

"அதில என்ன சொல்லதுக்கு இருக்கு? நல்ல மனுசன். அவருகூட இருந்தா நேரம் போறதே தெரியாது."

கனகதாஸ் போனை வைத்துவிட்டார். பூத்தில் காத்து நின்ற ஆள் கதவைத் தட்டும் வரை வெளியே வரவில்லை. அவளுக்கு நேரம் போவது தெரியாது. அவருக்குத் தெரியும். ஒன்பதரை மணி.

அதற்குப் பிறகு மோகனன் வீட்டில் வந்து குடியேறிவிட்டான். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்தான். கனகதாஸ் கண்ணாடியில் தலை வாரும்போது பின்னால் நின்று, தனக்கு முடி அதிகம் என்று காட்டினான். போன தடவை விமான நிலையத்தில் சுகுமாரியைத் தவிர யாரையும் பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் இப்போது நினைக்க நினைக்க, அவளுக்குப் பின்னால் உயரமாக ஒருவன் தள்ளுவண்டி தள்ளி வந்த மாதிரியும், இவரைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கின மாதிரியும் இருந்தது.

சனிக்கிழமை தோறும் மத்தியானம் தாண்டும் வரை பொன்னையனிடம் அவனுடைய உயரம், நிறம், சட்டை எல்லாவற்றையும் விவரித்தார். பொன்னையன் கவனமாகக் கேட்டு, நடுநடுவே கடையில் வருகிறவர்களுக்கு வெற்றிலையும் சோடாவும் கொடுத்தார். ஆளைப் பார்த்தால் அடையாளம் தெரியும் என்றார்.

மார்ச் மாதக் கடைசியில் கடிதம் வந்தது. கிறிஸ்துமஸ் வரை காத்திருக்கவில்லை, ஏப்ரலிலேயே வருகிறேன் என்று சுகுமாரி எழுதியிருந்தாள். அதே விமானம்தான், ஒன்பதுக்குக் கிளம்பி ஐந்துக்கு இறங்கும். மோகனன் சாரும் அதே நாளில் வருகிறார். கடைசி வரியில், "நேரில் பேச வேண்டிய காரியம் ஒன்று உண்டு" என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தாள்.

அந்தக் கோட்டைக் கனகதாஸ் விரலால் தடவிப் பார்த்தார். பேனா அழுந்தியிருந்தது. இருபத்தொரு வருஷத்துக் குடும்பம் அந்தக் கோட்டில் வந்து நிற்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

அழ வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக ஜீப்புக்கு ஏற்பாடு செய்தார்.

*

விமானம் ஐந்து மணிக்கு. கனகதாஸ் காலை எட்டு மணிக்கே ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டிரைவர் சத்தியராஜ் பல்கூடத் தேய்த்திருக்கவில்லை. எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று ஷிஜா கேட்டாள். பாலராமபுரத்தில் கைத்தறி வேட்டி வாங்க வேண்டும் என்றார். பாலராமபுரம் வந்தது. இரண்டு பக்கமும் வேட்டிக் கடைகள் வந்தன. கனகதாஸ் நேரே பார்த்தபடி, நிறுத்த வேண்டாம், மிதி என்றார்.

அவர் கணக்கு தெளிவானது. ஒன்பதுக்குக் கிளம்பி, ஒரு மணி நேரம் பறந்து, பத்துக்கு வந்துவிடுவார்கள். ஐந்து மணி வரை என்ன நடக்கிறது என்பதை இன்று கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

ஒன்பதரைக்கு விமான நிலையத்தின் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து ஆயிற்று. யாரும் வரவில்லை. வேறு வழியில் வெளியே போகிறார்களோ என்று சந்தேகம் வந்தது. சரக்கு வாசல் வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். ஷிஜாவிடம் மூத்திரம் வந்தது என்றார். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அப்படிச் சொன்னதால் அவள் கவலைப்பட்டாள்.

பதினொன்றே கால் இருக்கும். ஒரு விமானம் வந்து, கூட்டம் வெளியே வரத் தொடங்கியது. மயில்கழுத்து நிறச் சேலையில் வருவேன் என்று சுகுமாரி எழுதியிருந்தாள். கூட்டத்துக்குள் ஒரு மயில்கழுத்துச் சேலை முதுகைக் காட்டிக்கொண்டு போனது. பக்கத்தில் உயரமாக ஒருவன் தள்ளுவண்டி தள்ளினான். தலை நிறைய முடி.

கனகதாஸ் ஓடிப்போய் வண்டியைக் குறுக்கே பிடித்தார்.

"எலே மோகனா, ஒம்பதரை மணிக்கூறு எங்கலே போன?"

அந்த ஆள் திகைத்து, ஒன்பதரை இல்லை, ஒரு மணிக்கூர்தான் லேட் என்று மலையாளத்தில் பணிவாகச் சொன்னான். அவன் இவரை விமானக் கம்பெனி ஆள் என்று நினைத்துவிட்டான். ஆனால் லேட்டானது எங்கள் குற்றமா என்று அடுத்த நொடியே அவனுக்குக் கோபம் வந்தது. சேலைக்காரி திரும்பினாள். சுகுமாரி இல்லை. சுகுமாரியைவிடப் பத்து வயது இளையவள். மஸ்கட்டிலிருந்து வருகிறார்கள். கனகதாஸ் வண்டியை விடவில்லை. விட வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. மேலே இருந்த அட்டைப் பெட்டி சரிந்து விழுந்து, உள்ளேயிருந்த பால்பவுடர் டின்கள் நாலா பக்கமும் உருண்டன.

போலீஸ்காரர் வந்தார். டின்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு மஸ்கட் தம்பதியை அனுப்பி வைத்தார். பிறகு கனகதாஸை ஒரு ஓரமாக நிறுத்தி, எந்த விமானத்துக்கு வந்தீர் என்று விசாரித்தார். ஜித்தா என்றார் கனகதாஸ். அது அஞ்சு மணிக்கல்லவா என்றார் போலீஸ்காரர். அது ஊரை ஏமாற்றச் சொல்கிற நேரம், உண்மையில் பத்துக்கே வந்துவிடும் என்றார் கனகதாஸ். போலீஸ்காரர் அவர் வாயை முகர்ந்து பார்த்தார்.

அதற்குள் ஷிஜா வந்துவிட்டாள். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து தாளையும், அதோடு மடித்திருந்த லாட்டரிச் சீட்டையும் எடுத்தாள். நின்றபடியே வாசித்தாள். போக 1. வர 10½. வித்தியாசம் 9½. அதற்குக் கீழே, மோகனன், ஒரு கேள்விக்குறி.

அவள் சிரிக்கவில்லை. சீட்டை மறுபடி மடித்தாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்பா, இப்பம் உங்க வாச்சில மணி என்ன?"

"பதினொண்ணரை."

"அம்மைக்க வாச்சில?"

"ரெண்டரை குறைவுல்லா. ஒம்பது."

"அம்மை எத்தன மணிக்கு ஏறுவா?"

"ஒம்பதுக்கு."

சொல்லிவிட்டுக் கனகதாஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போலீஸ்காரரும் தன்னுடையதைப் பார்த்துக்கொண்டார்.

"அப்பம் அவ இன்னும் அங்கயாக்கும்."

"இப்பந்தான் பிளேன் நகரும் அப்பா."

இரண்டு மணி நேரமாக அவர் இங்கே மூலைமுடுக்கெல்லாம் தேடிய பெண் இன்னும் ஜித்தாவை விட்டே கிளம்பவில்லை. சத்தியராஜ் இதைக் கேட்டுவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஜீப்புக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்தான்.

ஷிஜா லாட்டரிச் சீட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். வரும்போது நம் மணி பதினொன்றரையிலிருந்து ஐந்து வரை. ஐந்தரை மணி நேரம். போகும்போது நம் மணி ஏழிலிருந்து, அங்கே பத்தரை என்றால் இங்கே ஒன்று, ஆக ஆறு மணி நேரம். காணாமல் போன நாலரையும் இல்லை, ஒன்பதரையும் இல்லை.

கனகதாஸ் கணக்கைத் தானும் ஒருமுறை போட்டார். அவர் முகம் மெல்ல மாறியது. பிறகு மறுபடி சுருங்கியது.

"போவும்போது அரை மணிக்கூறு கூடுதல் கிடக்குதே மக்கா. அது எங்க போச்சு?"

"அது காத்து அப்பா. மேல காத்து மேற்கேயிருந்து கிழக்க அடிக்கும். வரும்போது பிளேன தள்ளிவிடும். போவும்போது எதிர்த்து நிக்கும்."

கனகதாஸ் ஆகாயத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. தன் மனைவியைத் தன்னிடம் தள்ளிவிடுவதற்கும், போக விடாமல் தடுப்பதற்கும் ஒரு காற்று மேலே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது, இது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அவருக்குக் கண் கலங்கியது. போலீஸ்காரருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

அதன் பிறகு அந்த ஐந்தரை மணி நேரமும் அவர் சுகுமாரியோடு பறந்தார். ஒரு மணிக்கு, இப்பம் மலையெல்லாம் தாண்டியிருப்பா என்றார். மூன்று மணிக்கு, இப்பம் கடலுக்கு மேல, சாப்பாடு குடுத்திருப்பாங்க என்றார். நேரில் பேச வேண்டிய காரியம் என்னவென்றுகூட அவருக்கு இப்போது விளங்கிவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிடப் போகிறாள். எட்டு மாதம் பொறுக்க முடியாமல் ஓடி வருகிறவள் வேறு எதற்கு வருவாள்? ஷிஜாவிடம் சீப்பு கேட்டு வாங்கித் தலை வாரிக்கொண்டார்.

நடந்தது எதுவும் அம்மைக்குத் தெரிய வேண்டாம் என்று ஷிஜாவிடம் சத்தியம் வாங்கினார். பொன்னையனிடம் எல்லாம் சொன்ன விஷயம் தெரிந்தால் உயிரே போய்விடும் என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

*

விமானம் சரியாக ஐந்துக்கு இறங்கியது. ஆறு மணிக்குச் சுகுமாரி வெளியே வந்தாள். மயில்கழுத்துச் சேலை. கொஞ்சம் மெலிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, தூக்கம் கலையாத முகத்தோடு வந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஓமனா, நெய்யாற்றின்கரைக்காரி, சுகுமாரியோடு ஒரே வார்டில் நர்ஸாக இருப்பவள். தள்ளுவண்டியைத் தள்ளியது அவள்தான்.

"இதாக்கும் மோகனன் சார்" என்றாள் சுகுமாரி.

கனகதாஸ் அவருடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நன்றி சொன்னார். மறுபடியும் சொன்னார். எதற்கு என்று பெரியவருக்கு விளங்கவில்லை. இந்தத் தடவை விமானத்தில் ஏறினது முதல் உறங்கினேன், இப்போதுதான் எழுப்பினார்கள் என்றார்.

சுகுமாரி ஷிஜாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். கனகதாஸைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பயணக் களைப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"வழியெல்லாம் சுகமா இருந்துதா பிள்ளே?"

"இருந்துது. வீட்டில போயிப் பேசலாம்."

சொல்லிவிட்டு மகளின் தோளில் கை போட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கனகதாஸ் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். ஓமனா அவர் பக்கத்தில் வந்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, நான் இடையில வந்து பேசியது தப்பாக்கும், இருந்தாலும் சொல்லுதேன். பனச்சமூட்டுச் சந்தைக்குப் போயிட்டு பத்தரைக்கு வீட்டுக்கு வந்துட்டு இருந்த மனுசன் ஜனவரியில இருந்து மூணு மணிக்காக்கும் வாறாருன்னு, மக ஷிஜா எழுதின லெட்டரை எல்லாம் அடுக்கி வச்சு சுகுமாரி கணக்கு போட்டுட்டா. சனிக்கிழமை தோறும் அந்த நாலரை மணிக்கூறும் எந்தப் பெண்ணுக்க வீட்டில போவுதுன்னு கேக்கத்தான் கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுக்காம இப்பம் ஓடி வந்திருக்கா."